ஃபோனில் நிறுத்திய சிகரெட்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியர் அம்மா. அவருக்குக் கணக்குப் போட்டுத் தருகிற டேனியல். செயலாளர் ஜேனட். ரான் என்கிற ரிட்டயர்டு பஸ் டிரைவர். நான். சுவரில் மாட்டிய பெரிய திரையில், லண்டனிலிருந்து, பணம் கொடுத்த அரசாங்க இலாகாவின் அதிகாரி ஒருவர். ஆக மொத்தம் ஆறு பேர். டாக்டர் ஒருவர் வருவதாக இருந்து வரவில்லை. அவருக்குப் போட்ட நாற்காலியில் என் மழைக்கோட்டு உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு கறாராக எழுதக் காரணம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பிறகு வெளியான குறிப்பில் 'உறுப்பினர்கள் விவாதித்து ஏற்றுக்கொண்டனர்' என்று ஒரே ஒரு வரி. எந்த உறுப்பினர், என்ன விவாதம், யார் ஏற்றுக்கொண்டது, ஒன்றும் கிடையாது. நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும். இங்கிலீஷில் எழுதினால் நாலு இடத்தில் தப்பு வரும். தப்பைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுவார்கள். அதனால் முதலில் நம் பாஷையில், நம் ஊர் ஆட்கள் படிக்கிற மலருக்கு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் ராஜேஸ்வரி. தங்கச் சுரங்கம் இருந்த ஆண்டர்சன்பேட்டை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. பல வருஷம் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி பெங்களூரு கார்மெண்ட்ஸுக்குப் போய் வந்தவள். கணவர் சேகர் வெல்டர். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற யார்டு ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்து, இங்கிலாந்தின் வடக்கே இந்த மழை ஊருக்கு வந்தோம். நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தட்டு கழுவி, உருளைக்கிழங்கு உரித்து, இப்போது பரிமாறுகிற மேஜை வரைக்கும் முன்னேறியிருக்கிறேன்.

போன மாதத்தோடு ஐந்து வருஷம் முடிந்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கு மனு போட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. கதவுத் துவாரத்தில் தபால் விழுகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பீட்சா கடை நோட்டீஸாக இருந்தாலும் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன். நான் அந்த ரகம். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள்.

அப்படிப்பட்டவள் அரசாங்க இலாகா ஒன்றிடம் 'மாட்டேன்' என்று சொன்ன கதை இது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாட்டேன்தான்.

2

சேகருக்குச் சிகரெட் பழக்கம். ஊரில் ஒரு நாளைக்கு நாலு. இங்கே வந்து குளிருக்கு அது பத்தானது. இரண்டு வருஷத்துக்கு முன் யார்டில் ஒரு நர்ஸ் வந்து வேப் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் சிலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பேனா மாதிரி இருக்கும், பாட்டரியில் ஓடும், உறிஞ்சினால் பழ வாசனையோடு ஆவி வரும். உள்ளே நிகோடின் உண்டு, புகை இல்லை. நம் நாட்டில் விற்கக் கூடாது. இங்கே சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

கொடுத்தால் மட்டும் போதுமா, எத்தனை பேர் நிஜமாகச் சிகரெட்டை விட்டார்கள் என்று பார்க்க வேண்டாமா? அதற்கு அரசாங்கப் பணத்தில் ஓர் ஆராய்ச்சி. ஆராய்ச்சியைக் கவனிக்க ஒரு கமிட்டி. கமிட்டியில் பொதுமக்கள் பிரதிநிதிகள் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது சட்டதிட்டம். ஒருவர் ரான். நாற்பது வருஷம் புகைத்து, பிறகு நிறுத்தியவர். இன்னொருவர் புகைக்கிறவரின் குடும்பத்து ஆள். கிளினிக்கில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், படிப்புத் தகுதி தேவையில்லை என்று. தகுதி தேவையில்லை என்று எழுதிய காகிதத்தை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

மகளிடம் காட்டினேன். பதினாறு வயது. (அவள் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. எழுதவில்லை.) நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சண்டை வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும். அன்று சண்டை இல்லை, இருந்தும் தமிழிலேயே சொன்னாள்:

"நீ சும்மாவே கவலப்பட்டுக்கினு இருக்கமா. அங்க போய் கவலப்படு. யாருக்காவது யூஸ் ஆவும்."

போனேன். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு தபாலில் ஒரு கட்டுக் காகிதம் வரும். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் மெஷினில் போட்ட பிறகு, இரண்டரை மணிக்கு எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். தெரியாத வார்த்தைகளை ஃபோனில் பார்த்துப் பார்த்து ஒரு வரி விடாமல் படிப்பேன். மெத்தப் படித்தவர்கள் பக்கம் தாண்டிப் படிப்பார்கள். அரைகுறையாகப் படித்தவளுக்கு அந்தத் தைரியம் கிடையாது. எந்த வரியில் எனக்கு ஆப்பு இருக்கிறதோ, யார் கண்டது.

அப்படிப் படித்ததில் கண்ணில் பட்டவை சில. யோசனை சொல்கிற பெரியவர்களுக்கு வேறு எங்கிருந்தாவது பணம் வந்ததா என்று ஓர் அட்டவணை. எல்லாப் பெயருக்கும் எதிரில் 'இல்லை'. அடியில் பொடி எழுத்தில், கடந்த மூன்று வருஷங்களுக்கு மட்டும் என்று இருந்தது. ரானிடம் கேட்டேன். மனிதர் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்து வைத்திருந்தார். அன்று வராத டாக்டர், நாலு வருஷத்துக்கு முன் வேப் கம்பெனி ஒன்றின் செலவில் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனவர். இன்னோர் ஆலோசகர், வேப்பையே தடை செய் என்கிற ஒரு சங்கத்தில் ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை சம்பளம் வாங்கினவர். இருவரும் அதையெல்லாம் தங்கள் இணையப் பக்கத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்களாம். இங்கே மட்டும் 'இல்லை'. நாலாவது வருஷத்துக் காசு ஜீரணமாகிவிடுமா என்ன?

இன்னொரு பக்கத்தில், அறிக்கை வெளியே வரும் முன் இலாகா படித்துப் பார்த்து அதன் 'தொனி' பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்று ஒப்பந்தம். வேறொரு பக்கத்தில் ஆறு மாசத்தில் சிகரெட்டை விட்டவர்கள் என்று தடித்த எழுத்தில் ஒரு பெரிய எண். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை போனேன். 'தொலைபேசியில் கேட்டறிந்தது.'

ஃபோனில் கேட்டார்கள். அவ்வளவுதான். என் வீட்டுக்கும் அந்த ஃபோன் வந்தது.

3

அன்று சாயங்காலம் சேகர் வந்து பூட்ஸைக் கழற்றும்போதே கேட்டேன்.

"இன்னாங்க, ஆறு மாசம் ஆனதும் போன் பண்ணாங்களே, இன்னா கேட்டாங்க?"

"இன்னா கேப்பாங்க? சிகரெட் புடிக்கிறியான்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இல்லேன்னேன்."

"நேத்து தொவைக்கப் போட்ட பேண்ட்டுல லைட்டர் இருந்துது."

"அது வெல்டிங்குக்கு."

"வெல்டிங்குக்கு ஸ்ட்ராபெரி படம் போட்ட லைட்டரா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மே, ரெண்டு சிகரெட்டு. காலையில ஒண்ணு, சாப்ட்டப்புறம் ஒண்ணு. பத்து புடிச்சவன் ரெண்டுக்கு வந்துகீறேன், அத்தப் பாராட்ட மாட்டே."

"அத்த அவங்ககிட்ட சொல்றதுதான? ரெண்டுன்னு?"

"சொன்னா புதன்கெழம புதன்கெழம சிகரெட்ட வுடற கிளாஸுக்கு வான்னுவான். அர நாள் சம்பளம் பூடும். ரீஃபில்லயும் நிறுத்திடுவான். சும்னே எதுக்கு வம்பு? யார்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றானுங்க."

"எல்லாருமா?"

"அந்த போலந்துக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? அந்தப் பொண்ணு போன்ல கேக்கும்போதே பத்த வச்சிக்கினு, 'நோ மேடம், ஜீரோ'ன்னான். சூப்பர்வைசர் பக்கத்துல நின்னு சிரிக்கிறான். 'சீக்கிரம் நிறுத்திட்டேன்னு சொல்லிட்டு வேலயப் பாருங்கடா'ன்னு."

நல்ல நகைச்சுவைதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இவர் சொல்லிச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் இதே பொய்யை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். அங்கே தலைகீழாக.

4

நைனா, என் அப்பா, நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கீழே இறங்குகிறவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, அவர் லெவலின் சுரங்கப் பாதையில் நடந்து, பாறையில் துளை போடுகிற வேலை. பீடி, சிகரெட், பொடி, வெற்றிலை எதுவும் கிடையாது. டீயில்கூடச் சர்க்கரை கம்மி. ஆனால் எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பீடிக் கட்டு எப்போதும் இருந்தது. ஒரே கட்டு, வருஷக்கணக்கில்.

கம்பெனி டாக்டர் வருஷா வருஷம் பரிசோதிக்கிற மெடிக்கல் அன்று மட்டும் அது வெளியே வரும்.

தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அப்போது ஒரு பேச்சு. இருமுகிறவனைப் பார்த்து டாக்டர் 'பீடி உண்டா' என்று கேட்பார். உண்டு என்று சொன்னால் அது பீடி இருமல். இல்லை என்று சொன்னால் தூசி இருமல். தூசி இருமல் என்றால் மேலே சர்பேஸ் வேலைக்கு மாற்றிவிடுவார்கள், கீழே இறங்குவதற்கான படிக்காசு போய்விடும். இது உண்மையா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டாலே மாற்றிவிடுவார்களோ என்று பயம். அதனால் பீடியைத் தொடாதவர்கள்கூட மெடிக்கலுக்குப் போகிற வழியில் நின்று, ஒரு பீடியைப் பற்றவைத்து, நாலு பேர் கை மாற்றி இழுத்து, வாயில் வாசனை ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

நைனாவுக்கு இழுக்கத் தெரியாது. இழுத்தால் இருமல் இன்னும் கூடும்.

"நீ இழுக்காதபா முனிசாமி, எங்க எல்லாரையும் காட்டிக் குடுத்துடுவ. மீசையில தேச்சிக்கினு போ" என்பார்களாம் கூட்டாளிகள். அவரும் அப்படியே பீடித்தூளை மீசையில் தேய்த்துக்கொண்டு போனதாக அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஃபைலில் ஏறியது, பீடிப் பழக்கம் உண்டு. அடுத்த வருஷமும் உண்டு. அதற்கடுத்த வருஷமும்.

நைனாவால் எங்கள் வீட்டு வாசல் மேட்டை ஒரே மூச்சில் ஏற முடியாமல் போன வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நுரையீரலில் பாறைத்தூசி. வெளியூர் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாயாலேயே சொன்னார். நஷ்ட ஈட்டுக்கு மனு போட்டோம். எந்த ஆபீசுக்கு என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இன்று இல்லை. பதில் வந்தது. வீட்டில் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்தி. மனுதாரருக்கு நீண்டகாலமாகப் பீடிப் பழக்கம் உண்டு என்று மனுதாரரே பலமுறை தெரிவித்திருக்கிறார், ஆகவே நஷ்ட ஈடு இல்லை.

படித்துக் காட்டினேன். நைனா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "இன்னா பண்றது ராஜி, நான்தான சொன்னேன்" என்றார். மறுபடியும் ஒரு தடவை, "நான்தான சொன்னேன்."

யாரும் பொய் எழுதவில்லை. கேட்டவர் கேட்டார், சொன்னவர் சொன்னார், எழுதியவர் எழுதினார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எழுதியவர் யார் என்று பார்த்தால் ஒரு முத்திரை, ஒரு கிறுக்கல். போய்ச் சண்டை போடுவதற்குக்கூட ஒரு பெயர் கிடையாது.

5

கூட்டத்தில் பேராசிரியர் அம்மா சுருக்க அறிக்கையை வாசித்தார். நல்லவர், மெதுவாக எனக்காகவே நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கடைசி வரி: 'பொதுமக்கள் பிரதிநிதிகள் இருவரும் இம்முடிவுகளை ஏற்கின்றனர்.' கீழே ரான் பெயரும் என் பெயரும் அச்சாகியிருந்தன. நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

கை தூக்கினேன். முந்தின நாளே காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எழுந்ததும் காகிதம் மறந்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "என் கணவர் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பொய்யர்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்லவேளை. சிரிப்பு அடங்குவதற்குள் உட்காராமல் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். யார்டு, இரண்டு சிகரெட், புதன்கிழமை கிளாஸ், ரீஃபில், எல்லாம். (அவர்கள் பேசியது இங்கிலீஷ். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.)

திரையில் இருந்த அதிகாரி, "ஓர் ஆளை வைத்து மொத்தத்தையும் சந்தேகிக்க முடியாதே" என்றார்.

"ஓர் ஆளை நான் பார்த்தேன். மற்றவர்களை நீங்கள் பார்த்தீர்களா?"

டேனியல் பேனாவை மூடித் திறந்தார். "இல்லை. எல்லாமே ஃபோன்தான்."

"மூச்சை ஊதினால் புகைத்தவரா இல்லையா என்று காட்டுகிற மெஷின் கிளினிக்கில் இருக்கிறதே?"

"கேட்டிருந்தோம்" என்றார் பேராசிரியர் அம்மா. "அந்தச் செலவுக்கு அனுமதி வரவில்லை."

"காலக்கெடு" என்றார் அதிகாரி. "அடுத்த கட்டத்துக்குப் பணம் ஒதுக்க இந்த எண் எங்களுக்குச் சீக்கிரம் தேவைப்பட்டது."

அப்போது ரான் தொண்டையைச் செருமினார். "எங்கள் பழைய டிப்போவுக்கு வாருங்கள். வேப் வாங்கின ஆட்களில் எத்தனை பேர் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று இன்னும் சிகரெட் ஊதுகிறார்கள் என்று காட்டுகிறேன். டீ என் செலவு."

அதிகாரி புன்னகை செய்தார். "திருமதி ராஜேஸ்வரி, இது மிகவும் மதிப்புள்ள கருத்து." ஐந்து வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட இங்கிலீஷ்படி, மதிப்புள்ள கருத்து என்றால் அது குப்பைக்கூடைக்குப் போகப் போகிறது என்று அர்த்தம்.

இவர்கள் நினைத்தால் ஒரு ஃபோன் போட்டு என் மனுவை நிறுத்திவிடுவார்களோ என்று மனசு அது பாட்டுக்கு ஓடுகிறது. அப்படியெல்லாம் நடக்காது என்று புத்தி சொல்கிறது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்டது இதைத்தான்:

"வேப் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு எந்தப் பக்கமும் இல்லை. என் கணவர் பத்திலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறார். அது நல்ல செய்தி. அதை அப்படியே எழுதுங்கள். இரண்டைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். வாயால் கேட்டது என்பதைக் கடைசிப் பக்கத்து நட்சத்திரத்தில் ஒளிக்காமல் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். யார் யாரிடம் காசு வாங்கினார்கள் என்பதை மூன்று வருஷத்தோடு வெட்டாமல் போடுங்கள், வேப் பக்கத்துக் காசையும் போடுங்கள், எதிர்ப் பக்கத்துக் காசையும் போடுங்கள். வெளியாகும் முன் இதைப் பணம் கொடுத்தவர் படித்துக் கருத்துச் சொல்லலாம் என்பதையும் போடுங்கள். போட்டால் என் பெயர் கீழே இருக்கட்டும். போடாவிட்டால் நான் ஏற்கவில்லை என்று எழுதுங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. ஜேனட் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தார். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்றார் அதிகாரி. திரை அணைந்தது.

வெளியே வராந்தாவில் பேராசிரியர் அம்மா பின்னாலேயே வந்தார். "நன்றி" என்றார். "அந்த மெஷினுக்காக நான் மூன்று தடவை எழுதினேன்."

"அதை அறிக்கையில் எழுதலாமே?"

"அடுத்த வருஷமும் அவர்களிடம்தான் கேட்கப் போக வேண்டும், ராஜேஸ்வரி. என்னிடம் வேலை செய்கிறவர்கள் நாலு பேருக்கு அதுதான் சம்பளம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு படித்தவர். இவரும் மீசையில் பீடித்தூள் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார் என்று தோன்றியது. கோபம் வரவில்லை. ஆனால் பாவம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. பாவப்பட்டுப் பாவப்பட்டுத்தான் எங்கள் வீட்டு ஃபைல் அந்தக் கதிக்கு வந்தது.

6

இரண்டு வாரம் கழித்து இறுதி வரைவு வந்தது. எண் அப்படியே தடித்த எழுத்தில் இருந்தது. நட்சத்திரம் அப்படியே இருந்தது. அட்டவணையில் எல்லாருக்கும் 'இல்லை'. மாறியது ஒன்றுதான். 'பொதுமக்கள் பிரதிநிதிகள் பொதுவாக ஏற்கின்றனர்' என்று ஆகியிருந்தது. பெயர்கள் காணவில்லை. ரான் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

ஜேனட்டை ஃபோனில் கூப்பிட்டேன். இந்த ஊரில் பஸ் டிரைவர் முதல் பல் டாக்டர் வரை எல்லாரையும் 'லவ்' என்பார்கள். வந்த புதிதில் ஒரு காய்கறிக்காரர் அப்படிக் கூப்பிட்டு, நான் தக்காளியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

"உன் நல்லதுக்குத்தான், லவ்" என்றார் ஜேனட். "மனு போட்டிருப்பதாக நீயே சொன்னாயே. உன் பெயர் எதற்கு இதில்? பெயரில்லாமல் இருந்தால் உனக்குப் பாதுகாப்பு."

அவர் சொன்னது அன்பாகத்தான். எனக்கும் ஒரு நிமிஷம் அப்பாடா என்று இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பெயரும் இல்லை, பயமும் இல்லை. ஃபோனை வைத்துவிட்டு அரிசி கழுவினேன். கழுவி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. நான் ஏற்கவில்லை என்று ஒரு பெயர் அங்கே இல்லாவிட்டால், 'பொதுவாக' என்பதற்குள் நானும் ஏற்றவள்தான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன், பெயரைப் போடச் சொல்லிக் கடிதம் எழுதப் போகிறேன் என்று.

சேகர் தட்டைத் தள்ளினார். "பைத்தியமா மே உனக்கு? மனு உள்ள கீது. இந்த நேரத்துல கவருமெண்ட்டுகிட்ட போய் மல்லுக்கு நிப்பியா? அஞ்சு வருஷம், ராஜி. அஞ்சு வருஷம் அந்தக் குளிர்ல நின்னு பத்த வச்சிகீறேன்."

"எத்த? சிகரெட்டயா?"

"வெல்டிங்க!"

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் அவளும் என் மேல் பாய்ந்தாள். "இன்னாத்துக்குமா உனக்கு இது? அந்த ரிப்போர்ட்ட யாருமே படிக்கப் போறதில்ல."

"யாரும் படிக்க மாட்டாங்கன்னா என் பேர் இருந்தா இன்னா?"

அவள் தட்டைக் கையில் எடுத்தாள். "என் பேர மட்டும் எங்கயும் போட்டுடாத" என்று எழுந்து போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர், சுருக்கி ஒரே எழுத்து. அது இன்னொரு நாள் அழ வேண்டிய விஷயம்.

சேகர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், ஞாயிறு, வழக்கமாக மறைவாகப் போகிறவர் வாசலிலேயே நின்று சிகரெட்டைப் பற்றவைத்தார். எதிர் வீட்டுக் கிழவர் பார்க்கப் பார்க்க.

"எழுதிக்கோ" என்றார். "ரெண்டு. சில நாள் மூணு."

"நான் எழுதி இன்னா? நீங்க சொன்னாதான அவங்க கணக்குல மாறும்."

மறுநாள் காலை யார்டிலிருந்து அவரே அந்த வேப் டப்பாவில் இருந்த நம்பருக்கு ஃபோன் செய்திருக்கிறார். நான் கேட்காமல் செய்தார், அதைக் குறித்து வைக்கிறேன். சாயங்காலம் வந்து சொன்னார்:

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசிச்சு. 'நான் பொய் சொல்லிட்டேம்மா, ரெண்டு புடிக்கிறேன்'ன்னேன். 'தேங்க்ஸ், ஆனா ஆறு மாசத்து கணக்கு முடிஞ்சிபோச்சு, இனிமே மாத்த முடியாது'ன்னிச்சு."

"அப்ப நீங்க?"

"நான் அங்க நிறுத்தினவன்தான். நானே வந்து இல்லன்னு சொன்னாலும்." பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நீ பேர் போட்டு எழுது மே. வர்றது வரட்டும்."

7

எழுதினேன். தப்பும் தவறுமாக, யாரிடமும் திருத்தக் கொடுக்காமல், கையாலேயே ஒன்றரைப் பக்கம். இந்த எண் வாயால் கேட்டது, யாரும் ஊதிப் பார்க்கவில்லை என்று. அது தப்பு என்று என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியும் என்று. பணம் யாருடையது என்பதைப் படிக்கிறவர்களுக்கு முழுசாகச் சொல்லுங்கள் என்று. நான் ஏற்கவில்லை, அதை என் முழுப் பெயரோடு போடுங்கள் என்று. அடியில் கையெழுத்து கிறுக்கலாக இருக்கக் கூடாது என்று பெயரைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்து எழுதினேன். தபாலில் போட்டேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற தபாலில்.

அதற்குப் பதில் இல்லை. மனுவுக்கும் பதில் இல்லை. இரண்டும் வேறு வேறு கட்டடம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது என்று ரான் அடித்துச் சொல்கிறார். நானும் நம்பப் பார்க்கிறேன்.

ஜேனட்டிடமிருந்து மட்டும் ஒரு மெயில் வந்தது. பொதுமக்கள் பிரதிநிதிகளுக்குக் கூட்டத்துக்கு இவ்வளவு, வீட்டில் உட்கார்ந்து படிக்கிற நேரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டு. கடைசியில் மொத்தமாகத் தருவார்கள். அதற்கான படிவம். பெயர், வங்கி நம்பர் எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தால், முடிவில் ஒரு கட்டம்: 'ஏற்றுக்கொள்ளப்பட்ட சுருக்க அறிக்கையை நான் உறுதி செய்கிறேன்.' டிக் போடாமல் அனுப்பு என்பதை அழுத்தினேன். கட்டம் சிவப்பானது. மறுபடி அழுத்தினேன். மறுபடி சிவப்பு.

ஜேனட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"அது சும்மா ஒரு கட்டம்தான், லவ். டிக் போட்டுவிடு. போடாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"போக வேண்டாம்."

"யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை."

"நான் பார்ப்பேன், ஜேனட்."

அவர் பெருமூச்சு விட்டார். வேறு வழி இருக்கிறதா என்று விசாரிப்பதாகச் சொன்னார். விசாரிப்பார், கெட்டவர் இல்லை. ரான் டிக் போட்டுவிட்டார். வீட்டில் பாய்லர் கெட்டுப்போய் வெந்நீர் இல்லை, குளிர் நாள் வேறு. அதைச் சொல்லத் தனியாக எனக்கு ஃபோன் செய்து, முதலில் கொஞ்ச நேரம் வானிலை பேசிவிட்டுத்தான் சொன்னார். நான் அவரைத் தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

என் படிவம் கம்ப்யூட்டரில் அப்படியே திறந்து கிடக்கிறது. எல்லாம் நிரப்பியாகிவிட்டது, அந்த ஒரு கட்டம் தவிர. மகள் வந்து பார்த்துவிட்டு, "மூடட்டுமா?" என்றாள். "மூடாத, சேவ் பண்ணி வை" என்றேன்.

டிக் போட மாட்டேன். நாலு கூட்டம், படித்த நேரத்தையும் சேர்த்து, அவர்கள் எனக்கு இன்னும் தரவேண்டியது அறுநூறு பவுண்டு.